சங்குக்குப்பத்தின் நானூற்றுப் பன்னிரண்டு

வடக்குக் கடலோர வட்டக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஆனந்தராஜைச் சீண்டிப் பார்க்க யாருக்காவது ஆசை வந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். "சார், உங்க ஆண்டறிக்கையில ஒரு சின்ன சந்தேகம்" என்றால் போதும். மனுஷனுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். பதினெட்டு வருஷமாக அந்த அறிக்கையை அவர்தான் தயாரிக்கிறார். பதினெட்டிலும் மேலாபீஸிலிருந்து ஒரு கேள்விகூடத் திரும்பி வந்ததில்லை. வேறு எந்த வட்டத்துக்கும் அந்தப் பெருமை கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடம்கூட இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

அறிக்கையில் ரெண்டு பாகம். பாகம் 'அ', எந்தப் பள்ளியில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. பாகம் 'ஆ', மாணவர் ஒழுங்கு. அதாவது, வருஷத்தில் எத்தனை ஒழுங்கீனச் சம்பவம் நடந்தது, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள். 'அ' பாகத்துக்கு ஆனந்தராஜ் ஒரு மாதம் உயிரைக் கொடுப்பார். 'ஆ' பாகத்துக்கு அரை நாள் போதும். நாற்பத்தொரு பள்ளியிலிருந்தும் ஒரே பதில்தான் வரும், 'இல்லை' என்று.

வராமல் எங்கே போகும்? படிவத்தை அனுப்பும்போதே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று அச்சடித்துத்தானே அனுப்புகிறார். எப்படியும் அதைத்தான் எழுதப் போகிறார்கள், நாமே அடித்துக் கொடுத்தால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று என்றைக்கோ நல்லெண்ணத்தில் ஆரம்பித்தது. தலைமையாசிரியர்களும் கீழே கையெழுத்தைப் போட்டு, முத்திரையைக் குத்தி, மறுநாளே அனுப்பிவிடுவார்கள். ஆக, அந்த வட்டத்தில் பதினெட்டு வருஷமாக ஒரு பையன் இன்னொரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்ததில்லை. ஒரு பெண் கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டதில்லை. நீங்களும் நானும் நம்பமாட்டோம். மேலாபீஸ் நம்பியது. கேள்வி வரவில்லையே.

இந்த ஜூலை முதல் திங்கட்கிழமை, இளநிலை எழுத்தர் தீபலட்சுமி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் அந்த ஆபீஸுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. கெட்ட செய்தியையும் டீ வந்துவிட்டது என்கிற குரலில் சொல்வாள்.

"சார், 'ஆ' பாகம் மொத்தம் நானூத்திப் பன்னெண்டு காட்டுது."

"சைபர்தானே காட்டணும்?"

"காட்டணும்தான். ஆனா வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு நீங்க அவசரப்படுத்துனீங்கல்ல, மொத்தத் தொகை மட்டும் மெயில்ல போயிடுச்சு. இப்பதான் பாக்கறேன். பள்ளிவாரி லிஸ்ட்டு வர்ற வெள்ளிக்கிழமை போகணும்."

ஆனந்தராஜ் நாற்பத்தொரு படிவத்தையும் மேஜைமேல் கொட்டிப் புரட்டினார். நாற்பதில் 'இல்லை' அழகாக உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொன்றாவது சங்குக்குப்பம் அரசு உயர்நிலைப் பள்ளி. அதில் 'இல்லை'யைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, மேலே 412 என்று எழுதி, அடித்ததற்குச் சுருக்கொப்பமும் போட்டிருந்தது. பெயர், ஹேமலதா, தலைமையாசிரியை.

"கையெழுத்துப் போடச் சொன்னா, படிச்சுப் பாத்திருக்காங்க சார்" என்றாள் தீபலட்சுமி.

ஆனந்தராஜ் போனை எடுத்தார். சங்குக்குப்பம் பிள்ளைச்சாவடி தாண்டிக் கடலோரத்தில் இருக்கிற மீனவர் ஊர். பள்ளிக்கூடத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு வலைக்கூடம்தான். போனில் பேசினால் பாதி காற்றுதான் பேசும்.

"மேடம், தப்பா ஏதோ நம்பர் எழுதிட்டீங்க போல."

"இல்ல சார். ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் எழுதினேன்."

"நானூத்திப் பன்னெண்டு சம்பவமா? அங்க என்னா பள்ளிக்கூடம் நடக்குதா, வேற ஏதாவது நடக்குதா?"

"பள்ளிக்கூடம் நடக்கறதாலதான் சார் சம்பவம் நடக்குது. பூட்டியிருந்தா நடக்காது."

ஆனந்தராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். மேலாபீஸுக்கு அதிகாரியாகப் புதிதாக வந்திருக்கும் கலையரசி அம்மா போன மாதம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். வருஷத்தில் நூறு சம்பவத்துக்கு மேல் போகிற பள்ளி 'சீரமைப்புப் பட்டிய'லில் ஏறும். பட்டியலில் ஏறினால் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் அங்கிருந்து எடுத்து டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

"தெரியும் சார்" என்றார் ஹேமலதா. இந்த முறை குரலில் துடுக்கு இல்லை. "ஒம்பது, பத்து ரெண்டுலயும் சேத்து முப்பத்தாறு பொண்ணுங்க இருக்கு. டவுனுக்கு மாத்தினா பஸ் ஏறிப் போறது நாலு இருக்கும். மீதி முப்பத்திரண்டும் மீன் கூடையத் தூக்கிட்டு அம்மா பின்னாடி போயிடும். ஒவ்வொண்ணு வீடும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க? ஒரு கோடு போட்டு 'இல்லை'ன்னு மாத்திக் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

"புள்ளைங்க அவங்கவங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டது சார் அது. அத இல்லன்னு சொல்ல என்னால முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஆனந்தராஜுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அவர் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறவள். அவரைப் பெற்றவளோ மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். பள்ளிக்கூடம் வேறு ஊரில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். முப்பத்திரண்டு என்ற எண் அவர் மனசில் முள்ளாகக் குத்தியது.

மேலே போன தொகையை மாற்ற முடியாது. சர்க்காரில் ஒரு தொகை மேலே போய்விட்டால் அது சாமி மலையேறின மாதிரி, இறங்கி வராது. ஆனால் அந்தத் தொகைக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்பது இன்னும் அவர் கையில்தான் இருந்தது. ஆனந்தராஜ் கால்குலேட்டரை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டை நாற்பத்தொன்றால் வகுத்தார். பள்ளிக்குப் பத்து. மீதி ரெண்டு.

"அந்த ரெண்ட என்னா பண்றது சார்?"

"சங்குக்குப்பத்துக்கே குடு. அவங்களுக்குப் பன்னெண்டு. நூறு எங்க, பன்னெண்டு எங்க."

தீபலட்சுமி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "மத்த நாப்பது பேரு?"

"பத்து சம்பவம் யாருக்குத்தாம்மா இல்ல? ஊரோட ஒத்து வாழட்டும்" என்றார் ஆனந்தராஜ். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது. பள்ளியும் பிழைத்தது, பெருமையும் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

லிஸ்ட் வெள்ளிக்கிழமை போனது. திங்கட்கிழமை பதில் வந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் கேள்வி. 'தங்கள் வட்டத்தில் முதன்முறையாக ஒழுங்கீனச் சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு சம்பவத்துக்கும் மாணவர் பெயர், வகுப்பு, தேதி, செய்த செயல், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைப் பத்து நாளில் அனுப்பவும்.'

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. ஆனந்தராஜ் அதை அப்படியே நாற்பத்தொரு பள்ளிக்கும் அனுப்பிவைத்தார். மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை.

முதலில் உள்ளே வந்தவர் இராமதாஸ். டவுனுக்குள் பழைய மஞ்சள் கட்டிடம் ஒன்றில் பிரெஞ்சு வழியில் நடக்கும் சின்ன அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். ஆசிரியரும் அவர்தான். மணியடிப்பவரும் அவர்தான்.

"முசியே ஆனந்தராஜ்" என்றார், நாற்காலியில் உட்காராமலே. "என்கிட்ட படிக்கிறது ஒம்போது பிள்ளைங்க. நீங்க குடுத்திருக்கறது பத்து சம்பவம். ஆளுக்கு ஒண்ணு பண்ணினாலும் ஒண்ணு மிஞ்சுது. அத நான் பண்ணினேன்னு எழுதிக்கட்டுமா?"

"உக்காருங்க சார், பேசிக்கலாம்."

"எங்க பிள்ளைங்க 'பார்தோன்'னு மன்னிப்பு கேக்காம பக்கத்துப் பிள்ளையோட ரப்பரக்கூடத் தொடாது. அதுங்ககிட்டப் போயி, யாராவது ஏதாவது தப்பு பண்ணுங்கப்பா, ஆபீஸ்ல கேக்கறாங்கன்னு சொன்னேன். ஒரு பொண்ணு அழுதுடுச்சு."

பின்னாலேயே வந்த வடிவேலுக்கு எதிர்ப்பக்கத்துத் துயரம். அவர் டவுனின் பெரிய ஆண்கள் பள்ளிக்குத் தலைமை. "ஆயிரத்து எரநூறு பசங்க. பத்தே பத்து பேரத் தேர்ந்தெடுன்னா எவனத் தேர்ந்தெடுக்கறது? எவன் பேர எழுதினாலும், அவன விட்டுட்டு எம்புள்ளைய ஏன் எழுதினேன்னு அப்பன்காரன் வந்து நிப்பான். ஒண்ணு இல்லன்னு எழுதணும், இல்லாட்டி எல்லாரையும் எழுதணும் சார். பத்து கதைக்காவாது."

மத்தியானத்துக்குள் இருபத்தேழு பேர் வந்து போனார்கள். ஆனந்தராஜின் தலை வலித்தது. எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றைத்தான். "எப்படி எழுதணும்னு ஒரு மாதிரி குடுங்க சார்."

நியாயம்தானே என்று பட்டது. ஆனந்தராஜ் உட்கார்ந்து, கற்பனையைத் தட்டி எழுப்பி, பத்து வரி எழுதினார். ராஜா, எட்டாம் வகுப்பு, பள்ளி வளாகத்தில் மாங்காய் பறித்தல், எச்சரிக்கப்பட்டார். சின்னப்பொண்ணு, ஏழாம் வகுப்பு, பாடவேளையில் காரணமின்றிச் சிரித்தல், அறிவுரை வழங்கப்பட்டது. கன்னியப்பன், ஒன்பதாம் வகுப்பு, நேரத்துக்கு முன் மணியடித்தல், பெற்றோர் அழைக்கப்பட்டார். இப்படிப் பத்து. தேதிக்கு விரலுக்கு வசதியாக 01-11 என்று எல்லாவற்றுக்கும் தட்டினார். தலைப்பில் 'மாதிரி' என்று போட்டு, தலைமையாசிரியர்கள் வாட்சப் குழுவில் அனுப்பிவிட்டு, ஒரு ஸ்ட்ராங் டீ குடித்தார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் நாற்பது பள்ளியும் பதில் அனுப்பிவிட்டது. சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. கெடு முடிந்து ரெண்டு வாரம் கழித்து மூன்று தடவை போன் செய்தால்தான் எதுவும் வரும். அங்கேயே ஆனந்தராஜுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சந்தோஷத்தில் ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல் நூலில் கோத்து மேலே அனுப்பிவிட்டார். சங்குக்குப்பம் மட்டும் வரவில்லை. அதற்கும் சேர்த்து அவரே 'பின்னர் அனுப்பப்படும்' என்று எழுதிக்கொண்டார்.

ரெண்டு நாள் கழித்து கலையரசி அம்மாவே போனில் வந்தார்.

"ஆனந்தராஜ், இந்த ராஜா யாருங்க?"

"எந்த ராஜா மேடம்?"

"நாப்பது ஸ்கூல்ல ஒரே நாள்ல மாங்கா பறிச்சிருக்கானே, அந்த ராஜா."

படிவத்தில் எதை அச்சடித்துக் கொடுத்தாலும் அப்படியே திருப்பி அனுப்ப அந்த நாற்பது பேரையும் பதினெட்டு வருஷமாகப் பழக்கியவர் அவர். பழக்கம் விடுமா? ராஜா, சின்னப்பொண்ணு, கன்னியப்பன், எல்லோரும் நாற்பது பள்ளியிலும் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

"அதுல நவம்பர் ஒண்ணாம் தேதின்னு இருக்கு" என்று கலையரசி அம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். "அன்னிக்கு விடுதலை நாள். புதுச்சேரி பூரா லீவு. லீவு நாள்ல ஒருத்தன் நாப்பது பள்ளிக்கூட மதில் ஏறியிருக்கான். அதுல ஒரு ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் இருக்கு, அங்கயும் எட்டாம் வகுப்பு படிக்கிறான். எல்லாத்துக்கும் மேல, நவம்பர்ல மாங்காயக் கண்டுபிடிச்சிருக்கான். எனக்கு அந்தப் பையனப் பாக்கணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவனக் கூட்டிட்டு வாங்க."

"மேடம், அது வந்து..."

"இன்னொண்ணு. சங்குக்குப்பம் தலைமையாசிரியை உங்க மூலமா இல்லாம நேரா எனக்கே ஒரு வரி எழுதியிருக்காங்க. 'பன்னிரண்டு அல்ல, 412. நோட்டு பள்ளியில் உள்ளது, வந்து பார்க்கவும்'னு. நூறத் தாண்டினா பட்டியல்தான். அதையும் அன்னிக்கே முடிச்சிடலாம்."

ஆனந்தராஜ் போனை வைத்தார். தீபலட்சுமி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "சார், சங்குக்குப்பத்துல நெசமாவே ஒரு ராஜா இருக்கான். எட்டாவதுதான். மாணவர் பதிவேடு எமிஸ்ல பாத்தேன்" என்றாள்.

முழுகிப் போகிறவனுக்கு அது போதாதா? புதன்கிழமை காலையில் ஆனந்தராஜ் காலாப்பட்டு பஸ் ஏறினார். பிள்ளைச்சாவடி தாண்டி இறங்கி, கிழக்கே அரைக் கிலோமீட்டர் மணலில் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தார். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியின் பெயரை எழுதுகிறார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஹேமலதாவுக்கு நாற்பது வயது இருக்கும். வந்த காரியத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"ராஜா இருக்கான் சார். ஆனா அவன் மாங்கா பறிச்சானான்னா இல்ல. இந்த உப்புக் காத்துக்கு எங்க ஸ்கூல்ல வேப்பங்கன்னே நிக்கல, மாமரத்துக்கு எங்க போறது? செய்யாத தப்புக்கு எங்க புள்ளைய அனுப்ப மாட்டேன். செஞ்ச தப்பு நெறைய இருக்கு, அத வேணா பாருங்க."

பீரோவைத் திறந்து மூன்று தடி நோட்டுகளை எடுத்து வைத்தார். அட்டையில் 'ஒழுங்கு நோட்டு' என்று இருந்தது.

"நான் மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப புள்ளைங்க வாயாடும், கையில பேனாவக் குடுத்தா ஊமையாயிடும். அடிக்கக் கூடாது, திட்டினா காதுல ஏறாது. ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. போன ஜூன்லதான் ஒரு வழி பண்ணினேன். யார் தப்பு பண்ணினாலும் தண்டனை கிடையாது. எழுதணும். நாலு கேள்வி. என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன், அதனால யாருக்கு என்ன ஆச்சு, இனிமே என்ன செய்வேன். எடது பக்கம் தமிழ்ல, வலது பக்கம் இங்கிலீஷ்ல. அவ்ளோதான் சார். படிங்க, எனக்கு வகுப்பு இருக்கு."

ஆனந்தராஜ் வேண்டா வெறுப்பாகத்தான் முதல் நோட்டைப் பிரித்தார். ஜூன் மாசம். ஏழாவது பதிவு, துர்கா, பத்தாம் வகுப்பு. 'தூங்கினேன். தூக்கம் வந்திச்சி. மன்னிக்க.' இங்கிலீஷ் பக்கத்தில் பெயர் மட்டும். அதிலும் ஒரு எழுத்து குறைவு.

ஐம்பத்திரண்டாவது பதிவு, ஏழாம் வகுப்புப் பையன். 'ஜாமெட்ரி பாக்ஸில் நண்டு கொண்டு வந்தேன். டீச்சருக்குக் காட்டலாம் என்று. நண்டு டீச்சரைக் கடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த செம்மலைக் கடித்தது. நண்டு மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. மத்தியானம் சுட்டுச் சாப்பிட்டோம். செம்மலுக்கும் கால் கொடுத்தோம்.'

ஆனந்தராஜ் சிரித்துவிட்டார். காலியான அறையில் தன் சிரிப்பு தனக்கே கேட்டதும் சுற்றிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் நிறுத்தவில்லை. ஒருத்தி அப்பா படகு திரும்பியதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருந்தாள். ஒருவன் கணக்கு வகுப்பில் கருவாடு விற்றிருந்தான். 'ஏன் செய்தேன்' என்ற கேள்விக்கு 'டீச்சர்தான் லாப நட்டம் வாழ்க்கைக்கு உதவும் என்றார்' என்று எழுதியிருந்தான். மாதம் போகப் போக வரிகள் நீண்டன. பிழை குறைந்தது. வலது பக்கத்து இங்கிலீஷ் முதலில் தள்ளாடியது, பிறகு நடந்தது, தை மாசத்துக்குமேல் ஓடவே ஆரம்பித்தது.

முந்நூற்று எண்பத்தெட்டாவது பதிவு மறுபடியும் துர்கா. பிப்ரவரி. ரெண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தாள். 'மூன்றாவது பாடவேளையில் தூங்கினேன். விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவுடன் மீன் ஏலத்துக்கு ஐஸ் தூக்கப் போனதால் தூக்கம் வந்தது. இதனால் பாதிக்கப்பட்டவர் அறிவியல் சார். தன் பாடம் சுவையாக இல்லை என்று அவர் நினைத்து வருத்தப்பட்டார். பாடம் காரணம் இல்லை என்பதை இதன் மூலம் பதிவு செய்கிறேன். இனிமேல் விளையாட்டுப் பாடவேளையில் தூங்கிக்கொள்கிறேன். அதில் பாதிக்கப்படுபவர் யாரும் இல்லை.'

ஆனந்தராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையிலிருந்து பாகம் 'அ'வின் நகலை எடுத்து விரலை ஓட்டிச் சங்குக்குப்பத்தில் நிறுத்தினார். பத்தாம் வகுப்பு, மூன்று வருஷத்துக்கு முன் தேர்ச்சி நூற்றுக்கு முப்பத்தெட்டு. இந்த வருஷம் முப்பத்து நாலு பேர் எழுதி முப்பத்தொரு பேர் தேறியிருக்கிறார்கள், தொண்ணூற்றொன்று. அந்த எண்ணை அவர்தான் ரெண்டு தடவை சரிபார்த்துக் கூட்டினார். எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அந்த மார்க்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது மடியில் கனமாக உட்கார்ந்திருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. சும்மா சொல்லக் கூடாது, அழுகைகூட வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் ராஜா இல்லாமல், மூன்று நோட்டோடு, கலையரசி அம்மாவின் அறைக்குள் போனார்.

"பையன் எங்க?"

"பையன் இல்ல மேடம். நான்தான் எழுதினேன். மாதிரின்னு எழுதினேன், எல்லாரும் அப்படியே போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி பத்துப் பத்தாப் பிரிச்சதும் நான்தான். அதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷமா இல்லன்னு அச்சடிச்சதும் நான்தான். நெசமா நடந்தது இந்த நானூத்திப் பன்னெண்டு மட்டும்தான் மேடம். பட்டியல் போடறதுக்கு முன்னாடி இத ஒரு பத்து பக்கம் படிச்சிடுங்க."

கலையரசி அம்மா நண்டு வரைக்கும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். நண்டுமேல் நடவடிக்கை எடுத்த இடத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். துர்காவின் ரெண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஆனந்தராஜ் பாகம் 'அ'வை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"இந்த நூறுங்கற வரம்பு எங்கருந்து வந்துச்சு?" என்று கலையரசி அம்மா திடீரென்று தன் உதவியாளரைக் கேட்டார். உதவியாளர் கோப்பைக் கொண்டுவந்து பிரித்தார். வேறு ஏதோ ஊரில் அடித்த ஒரு படிவம் அதில் இருந்தது. வரம்பு என்ற கட்டத்தில் 100. படிவத்தின் தலைப்பில் சின்ன எழுத்தில் 'மாதிரி' என்று இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கலையரசி அம்மா கோப்பை மூடினார்.

"வரம்ப நான் எடுத்துடறேன். சங்குக்குப்பம் ஒம்பதும் பத்தும் அங்கேயே இருக்கட்டும்" என்றார். ஆனந்தராஜ் கையெடுத்துக் கும்பிடப் போனார். "இருங்க. உங்களுக்கு இன்னும் முடியல. நடந்ததுக்கு எழுத்து மூலமா விளக்கம் வேணும். திங்கட்கிழமைக்குள்ள. எந்த மாதிரியையும் பாத்து எழுதக் கூடாது. சொந்தமா எழுதணும்."

வெள்ளி, சனி, ஞாயிறு. ஆனந்தராஜ் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தார். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன்' என்பதற்குமேல் கை ஓடவில்லை. முப்பது வருஷ சர்வீஸில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினோமா என்று யோசித்தார். லீவு லெட்டரே தீபலட்சுமிதான் அடித்துக் கொடுப்பாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சங்குக்குப்பத்துக்குப் போய்விட்டார். இந்த வருஷத்துக்குப் புது நோட்டு போட்டுவிட்டதால், மூன்றாவது நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது.

"மேடம், இதுல ஒண்ணு எழுதிக்கட்டுமா?"

ஹேமலதா அவரை மேலும் கீழும் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சைக் காட்டினார். ஆனந்தராஜ் முழங்காலை மடக்கி அதில் நுழைந்து, 413 என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தார். முன்னால் இருந்த பிள்ளைகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தன. எழுதுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் திரும்பிக்கொண்டன.

முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுபோய் நீட்டினார். ஹேமலதா சிவப்புப் பேனாவோடு படித்தார். ஒரு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணாவது கேள்விக்குப் பதில் சரியில்ல சார். யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, 'நிர்வாகத்துக்குச் சிரமம் ஏற்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. திரும்ப எழுதுங்க."

ஆனந்தராஜ் மறுபடி பெஞ்சுக்குப் போனார். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது, வலை இழுக்கிற சத்தம் கேட்டது. முன்பெஞ்சில் எண்ணெய் வைத்துப் பின்னிய ஒரு ஜடை, அடுத்தது இன்னொன்று, அடுத்தது இன்னொன்று. எண்ணிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

'முப்பத்திரண்டு பெண்கள் படிப்பை விட்டிருப்பார்கள். இந்த ஒரு பள்ளியில் ஒரு டீச்சர் என் படிவத்தில் கோடு போட்டு அடித்ததால் அவர்கள் தப்பித்தார்கள். மற்ற நாற்பது பள்ளிகளில் பதினெட்டு வருஷமாக யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.'

ஹேமலதா படித்தார். அப்புறம் ஓரத்தில் சின்னதாக 'சரி' என்று எழுதினார்.

"தாள் கிழிக்க மாட்டோம் சார். வேணும்னா பஸ் ஸ்டாப் கடையில ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க" என்றார்.

ஆனந்தராஜ் தலையாட்டிவிட்டு நோட்டை வாங்கக் கையை நீட்டினார். ஹேமலதா கொடுக்கவில்லை. வெள்ளையாகக் கிடந்த வலது பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"இங்கிலீஷ்?"

ஆனந்தராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்தார்.